வீட்டில் 168, ஆஸ்பத்திரியில் 386: பூனையின் சர்க்கரையில் எதை நம்புவது?

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு 9 வயது, எடை 6 கிலோ. சர்க்கரை நோய்க்காக மூன்று வாரமாகக் காலையும் மாலையும் கிளார்ஜின் இன்சுலின் 2 யூனிட் போடுகிறோம். போன வாரம் புதுச்சேரியில் டாக்டரிடம் காட்டியபோது 386 இருந்தது. மறுநாள் மாலை ஊசிக்கு முன் அப்பாவின் மீட்டரில் பார்த்தேன், 168. எது சரி? வீட்டில் பார்த்து நாங்களே ஊசி அளவைக் கூட்டிக் குறைக்கலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். கூடையில் அடைத்து, பஸ்ஸில் கொண்டுபோய், நாய்கள் குரைக்கும் இடத்தில் உட்காரவைத்தால் பயத்திலேயே பூனையின் சர்க்கரை ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட 300-ஐத் தாண்டுவது உண்டு. அதனால்தான் வீட்டில் பார்ப்பதை வலியுறுத்துகிறேன்.

அப்பாவின் மீட்டர் குறைத்துக் காட்டியிருக்கவும் வாய்ப்பு அதிகம். மனித ரத்தத்தில் சர்க்கரை பிளாஸ்மாவிலும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) சிவப்பணுக்களிலும் ஏறக்குறைய 58-க்கு 42 என்று பிரிந்திருக்கிறது. பூனைக்கோ 93-க்கு 7. மனித மீட்டர் முதல் கணக்கை வைத்துச் செய்யப்பட்டது. இவ்வளவு கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரே எண்ணைச் சொல்லவும் முடியாது. ஆல்ஃபாட்ராக் போன்ற பிராணிகளுக்கான மீட்டர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் எப்போதும் அதே மீட்டரில் பாருங்கள், எந்த மீட்டர் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெடும். ஒன்றை எடுத்ததும் டப்பாவை இறுக மூடுங்கள், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.

ரத்தம் எடுக்கக் காது மடலின் ஓரம்தான் வசதி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரமாக ஓடும் நரம்பு தெரியும். நரம்பில் குத்தாதீர்கள், அதற்கும் காதின் விளிம்புக்கும் இடையே குத்துங்கள். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, காதில் ஒரு நிமிடம் வையுங்கள். பலருக்கு ரத்தம் வராமல் போவது இதைச் செய்யாததால்தான். ஈரத்தைத் துடைத்துவிட்டு வாசலின் மெல்லியதாகத் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். ஸ்பிரிட் போட வேண்டாம், எரியும், எண்ணும் மாறும். காதின் பின்னால் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டால் ஊசி உங்கள் விரலில் ஏறாது. பழகும்வரை காதில் குத்த 28 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசி போதும். ஸ்ட்ரிப்பின் நுனியைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், உடனே பிடித்த தீனி ஒரு துண்டு கொடுங்கள். சில நாளில் பூனையே வந்து உட்காரும்.

ஊசிக்கு முன் பார்க்கும் எண், இப்போது ஊசி போடலாமா என்பதை மட்டும் சொல்லும். சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் 200-க்குக் கீழே இருந்தால் போடாமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள். உங்கள் 168-க்கும் அதேதான். ஒரு வேளை ஊசி தவறினால் பெரிய ஆபத்தில்லை. தேவைக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து.

அளவு சரிதானா என்று தெரிய ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்குத் தீனிக்கும் ஊசிக்கும் முன் ஒன்று, பிறகு இரவு 7 வரை இரண்டு மணிக்கு ஒருமுறை. மிகக் குறைந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவிலும், மிக அதிகம் 300-க்குள்ளும் இருந்தால் நல்லது. அளவை மாற்றியபின் குறைந்தது ஒரு வாரம் விட்டு இதைச் செய்யுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள்; கூட்டுவதை நீங்களாகச் செய்ய வேண்டாம். பூனைக்கு அரை யூனிட்கூடப் பெரிய மாற்றம்.

இன்னொன்றை இன்றே பாருங்கள்: சிரிஞ்சு. மருந்துக்கடையில் சிவப்பு மூடி 40 யூனிட் சிரிஞ்சும், ஆரஞ்சு மூடி 100 யூனிட் சிரிஞ்சும் இருக்கும். கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட். அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 2 கோடு இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட்.

தீனியையும் நீங்கள் எழுதவில்லை. மீன் சோறும் தயிர் சோறும் சாப்பிட்டுவந்த பூனைக்குச் சோற்றை நிறுத்துவது நல்லதுதான். சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு. ஆனால் சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, தினமும் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள்.

எண் 60-க்குக் கீழே போனாலோ, பூனை தள்ளாடினாலோ, துவண்டு படுத்தாலோ, சாப்பிடும் நிலையில் இருந்தால் முதலில் தீனி வையுங்கள். சாப்பிடாவிட்டால் தேனோ கெட்டியான குளுக்கோஸ் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். விரலையும் பல்லுக்கு நடுவே விடாதீர்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தெளிந்துவிட்டாலும் இன்சுலின் உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், திரும்பவும் இறங்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அடுத்த ஊசியை அவர் சொன்ன பிறகு போடுங்கள்.