மாங்காய்ப் பணத்தை எட்டு வட்டிக்கு விடலாமா?

கேள்வி: சந்தூர் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது சார். பெங்களூரா காயைக் கூழ் ஆலைக்குப் போட்டதில், செலவு போக 6 லட்சம் கையில் நிற்கிறது. ஓசூரில் ஒரு கம்பெனி லட்சத்துக்கு மாதம் 8,000 தருகிறதாம், பத்திரமும் செக்கும் கொடுக்கிறார்களாம். என் மைத்துனருக்கு நாலு மாதமாகச் சரியாக வருகிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஊரில் ரெண்டு வட்டி, மூணு வட்டிக்குப் பணம் விட்டவர்களே அசலை வசூலிக்க எத்தனை முறை நடக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு எட்டு வட்டி கொடுத்து, ஆபீஸ் வாடகையும் கொடுத்து, அதற்கு மேல் லாபமும் பார்க்க அந்தக் கம்பெனி என்ன தொழில்தான் செய்கிறது?

மைத்துனருக்கு இதுவரை வந்தது லட்சத்துக்கு 32,000. அவர் போட்ட பணமே திரும்பி வர பன்னிரண்டரை மாதம் ஆகும், அதுவரை லாபம் என்று ஒன்றும் இல்லை. அவரை அசலைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள், என்ன பதில் வருகிறது என்று பார்க்கலாம். (ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.) கணக்கில் பணம் இல்லாத செக்கை வைத்துக்கொண்டு நீங்கள் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும். அனுமதியில்லாமல் இப்படி டெபாசிட் வாங்குவது 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏமாந்தது தெரிந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம்.

சரி, எங்கே வைப்பது? மார்கழி, தையில் பூ பிடிக்கும்போது மருந்தடிக்கப் பணம் வேண்டுமே, அதை முதலில் தனியாக எடுத்து வங்கியில் ஆறு மாத டெபாசிட்டாகப் போடுங்கள். மீதியையும் அதே வங்கியில் போடாதீர்கள். வங்கி மூழ்கினால் காப்பீட்டில் கிடைப்பது ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான், அசல், வட்டி, எல்லாக் கிளைகளும் சேர்த்து (2020க்கு முன்பு இது வெறும் 1 லட்சம்). இன்னொரு விஷயம், ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அங்கே பயிர்க்கடன் வாங்குங்கள், மொத்தப் பணத்தையும் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

மாதாமாதம் கைக்கு வர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டம் இருக்கிறது. எட்டு வட்டிக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனால் அசலுக்கு மத்திய அரசு பொறுப்பு. 5 வருடக் கணக்கு அது. முதல் வருடம் எடுக்கவே முடியாது, மூன்று வருடத்துக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் பிடிப்பார்கள், அதனால் தோப்புச் செலவுக்கான பணத்தை அதில் போட்டுவிடாதீர்கள். எங்கே போட்டாலும் நாமினி பெயர் எழுதாமல் கவுன்டரை விட்டு நகர வேண்டாம்.