மாட்டுக் கொட்டகையில் ஆடு வளர்க்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டியுள்ள பழைய மாட்டுக் கொட்டகையைச் சீர்செய்து பத்து வெள்ளாடுகள் வளர்க்க எண்ணுகிறேன், தரைக்குச் சிமென்ட் பூசினால் போதுமா?
— வாசகர், ஏற்காடு

பதில்: மலையின் ஈரத்தில் சிமென்ட் தரை எளிதில் காயாது, சிறுநீர் தேங்கினால் குளம்பு அழுகலும் சளியும் வரும் என்பதால், அந்தப் பணத்தை ஆடுகள் நிற்கும் உயரமான மரத்தளமான பரணுக்கே செலவிடுங்கள். தரையிலிருந்து 4 அடி உயரத்தில், புழுக்கை கீழே உதிரவும் குட்டிகளின் கால் சிக்காமலிருக்கவும் அரை அங்குல இடைவெளி விட்டு மரச்சட்டங்களை அடித்தால், வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 15 சதுர அடி வீதம் 150 சதுர அடி போதுமானது. பனிக்காற்று வீசும் பக்கத்தில் மட்டும் இரவில் சாக்குப் படுதா கட்டுங்கள். நான்கு புறமும் அடைத்தால் அம்மோனியா நெடி உள்ளேயே தங்கும், குளிருக்கு அஞ்சிப் பலர் இதைக் கவனிப்பதில்லை. நம் மாவட்டத்திலும் சுற்றுப் பகுதிகளிலும் காணப்படும் சேலம் கறுப்பு இனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேலியோரம் கல்யாண முருங்கைப் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைகளை) இப்போதே நட்டுவிடுங்கள், தழை தீவனமாகும்.