இருளை ஒளிப்படத்தில் பிடிப்பது எப்படி?

கேள்வி: ‘இரவு’ என்னும் கருப்பொருளில், நடுவர் குழு தெரிவு செய்யும் ஓவியக் கண்காட்சிக்கு ஆக்கங்கள் கோரியுள்ளார்கள். மட்டக்களப்பு வாவியில் லாம்பு வெளிச்சத்தில் தோணியிலிருந்து வலை வீசுபவரை எண்ணெய் வர்ணத்தில் வரைந்துள்ளேன். ஒளிப்படத்திலோ எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிகிறது. அனுப்பலாமா?
— வாசகி, கல்லடி

பதில்: தாராளமாக அனுப்புங்கள், ஆனால் அந்த ஒளிப்படத்தை அல்ல. முதற்கட்டத் தெரிவு பெரும்பாலும் ஒளிப்படத்தைப் பார்த்தே நடப்பதால், ஓவியத்தைக் காலை வேளையில் வெயில் நேரே படாத விறாந்தையில் நிறுத்தி, பிளாஷ் இல்லாமல், எண்ணெய்ப் பளபளப்பு கண்ணில் குத்தாத கோணம் பார்த்து எடுங்கள். அப்படியும் நீரும் வானமும் பிரியவில்லையென்றால் குறை ஓவியத்திலேயே இருக்கக்கூடும்: குப்பியிலிருந்து எடுத்த கறுப்பை விட்டு, அல்ட்ராமரீன் நீலத்தையும் பேர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பையும் குழைத்தால், வானத்துக்கு நீலம் தூக்கிய இருளும் தோணியடிக்குப் பழுப்பேறிய இருளும் கிடைக்கும். பகலில் திருத்தத் தயங்க வேண்டாம். ஓவியர் வான்கோ 1889 இல் தமது ‘விண்மீன் இரவு’ ஓவியத்தைப் பகலில்தான் தீட்டினார். மட்டக்களப்பின் அடையாளமான பாடும் மீனையும் முழுநிலவையும் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவற்றை எல்லோரும் வரைந்தாயிற்று, அந்த லாம்பு உங்களுடையது.