விபத்தில் முதுகில் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தால் நஷ்டஈடு கேட்க முடியுமா? பக்கவாதமும் இதுவும் ஒன்றா?

நான் வழக்கறிஞன் அல்ல. கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவிழந்த என் அண்ணனுக்காக வழக்கு நடத்திய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. மூளைக்குச் செல்லும் ரத்தம் தடைபட்டாலோ, மூளையில் ரத்தக் குழாய் வெடித்தாலோ வருவது பக்கவாதம். அதில் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம்தான் விழும். தண்டுவடத்தில் அடிபட்டால், பட்ட இடத்துக்குக் கீழே இரு பக்கமும் பாதிக்கப்படும்: கழுத்தென்றால் கைகளும் கால்களும், மார்புக்குக் கீழென்றால் கால்கள் மட்டும். கில்லன் பாரே போன்ற நரம்பு நோயாலும் கால்கள் செயலிழக்கலாம், ஆனால் அப்படி நோயால் வந்ததற்குப் பொதுவாக யாரையும் பொறுப்பாக்க இயலாது. காரணத்தை முதலில் உறுதிசெய்யச் சொல்வது இதனால்தான்.

முதல் நாள் மருத்துவர் ஊசிமுனையால் அண்ணனின் மார்பிலிருந்து கீழ்நோக்கித் தொட்டுக்கொண்டே வந்து, உணர்ச்சி நின்ற இடத்தில் பேனாவால் கோடிட்டார். பிறகு ஆசனவாயில் விரல் வைத்து, "தெரிகிறதா?" என்று கேட்டார். எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே உணர்ச்சியோ, சொன்னதும் இறுக்கிக்காட்டும் திறனோ மிஞ்சியிருந்தால் தண்டுவடம் முழுமையாகச் சேதமடையவில்லை, ஓரளவு மீள வாய்ப்புண்டு என்பது பின்னர்தான் புரிந்தது. எங்கள் வழக்கறிஞர் மருத்துவக் குறிப்பில் முதலில் தேடிய வரியும் அதுவே.

நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் பொதுவாக மூன்றை நிரூபிக்க வேண்டும்: எதிர்த்தரப்புக்குக் கவனமாக இருக்கும் கடமை இருந்தது, அதில் தவறினார்கள், அந்தத் தவறால்தான் இந்தக் காயம் நேர்ந்தது. மூன்றாவதில்தான் இழுபறி. அண்ணனுக்கு ஏற்கெனவே முதுகுவலி இருந்தது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டார்கள். எலும்பு முறிவு புதியது என்று காட்டிய முதல் நாள் ஸ்கேன்தான் எங்களைக் காப்பாற்றியது. வேலையிடத்துக் காயத்துக்குப் பல நாடுகளில் முதலாளியின் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு பெறலாம், ஆனால் சில இடங்களில் அதைப் பெற்றுக்கொண்டால் முதலாளி மீது தனி வழக்குப் போட முடியாது. காலக்கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் முதல் மாதத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது வாரம் காப்பீட்டு நிறுவனத்தார் ஒரு தொகையோடும், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற படிவத்தோடும் வந்தார்கள். நாங்கள் கையெழுத்திடவில்லை. இத்தகைய காயத்தில் எவ்வளவு மீளும் என்பது தெரியவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வாழ்நாள் செலவுக்கு எப்படி விலை பேசுவது?

படுக்கைப்புண் வராமலிருக்க அம்மா 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவந்தார். பராமரிப்புச் செலவு கோரியபோது நாங்கள் தாக்கல் செய்த முதல் ஆவணம் அந்த நோட்டுதான்.