ஊபரா, ஓலாவா, ராபிடோவா, நம்ம யாத்ரியா? சென்னைப் பயணிகளின் கேள்விகளுக்கு ஓர் ஆட்டோ ஓட்டுநரின் பதில்கள்

வேளச்சேரி ஸ்டாண்டில் 2011-இல் இருந்து ஆட்டோ ஓட்டுகிறேன். இப்போது என் போனில் நான்கு ஆப்பும் ஓடுகின்றன. எதில் எப்போது வண்டி கிடைக்கும், எதில் யார் கைக்கு எவ்வளவு போகிறது என்பது எனக்குத் தெரியும். கேளுங்கள். கார் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சொல்வேன்.

கேள்வி (போரூர் வாசகர்): நான்கில் எது விலை குறைவு அண்ணா?

ஒரே ஆப் எல்லா நேரத்திலும் குறைவாக இருக்காது. காலை 11 மணிக்குக் குறைவாகக் காட்டும் ஆப் மாலை 6 மணிக்கு அதிகமாகக் காட்டும். கிளம்பும் நேரத்தில் இரண்டு ஆப்பைத் திறந்து பாருங்கள். ஆனால் திரையில் தெரியும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அந்த விலைக்கு ஒரு டிரைவர் வருவாரா என்பதுதான் முக்கியம். 80 ரூபாய் என்று காட்டிவிட்டு 20 நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தால், உங்களுக்கு 80 ரூபாய்க்கு வண்டி இல்லை என்று அர்த்தம்.

கேள்வி (மடிப்பாக்கம்): ஊபர் ஆட்டோவில் கார்டில் பணம் கட்ட முடியவில்லை. டிரைவர் நேரடியாகக் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை அம்மா. இதை நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு வண்டியிலேயே சண்டை போடுகிறார்கள். முன்பு ஒவ்வொரு சவாரியிலும் ஆப் கமிஷன் எடுத்தது. 100 ரூபாய் சவாரியில் 20, 25 ரூபாய் எனக்கு வராமலே போன காலம் உண்டு. நம்ம யாத்ரிதான் 2022 நவம்பரில் பெங்களூரில் கமிஷன் இல்லாமல் ஆரம்பித்தது. டிரைவர் ஒரு சிறு தொகையைச் சந்தாவாகக் கட்டினால் போதும், வாடகை முழுக்க அவருக்கே. அது பிடித்துப் போனதும் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். ஊபர் ஆட்டோ 2025 பிப்ரவரியில் மாறியது. ஓலா அதே ஆண்டு ஜூனில் மாறியது. அதனால் இப்போது ஊபர் ஆட்டோவில் ஜிபே அல்லது ரொக்கமாக டிரைவரிடமே கொடுக்க வேண்டும். ஆப்பில் தெரியும் தொகை ஒரு பரிந்துரைதான் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அதனால் ஏறும் முன்பே, "ஆப்பில் காட்டுவதுதானே அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இறங்கும்போது கேட்டால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

கேள்வி (இரவுப் பணி செய்யும் பெண்): இரவு 11 மணிக்கு மேல் எந்த ஆப் பாதுகாப்பு?

ஆப்பின் பெயரை விட நீங்கள் செய்யும் இரண்டு வேலைகள் முக்கியம். முதலாவது, வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டை ஆப்பில் உள்ள நம்பரோடு ஒப்பிடுங்கள். "அந்த வண்டி ரிப்பேர், தம்பி வண்டியில் வந்தேன்" என்றால் ஏறவே வேண்டாம். என் சொந்தத் தங்கைக்கும் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பர் ஒத்துப்போகும் வரை ஓடிபி சொல்லக் கூடாது. இரண்டாவது, பயணத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிருங்கள், அதை டிரைவர் காதில் விழும்படி போனில் சொல்லுங்கள். நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவசரம் என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181.

கேள்வி (கல்லூரி மாணவர்): ராபிடோ பைக் தான் சீப். போகலாமா?

தனியாக, பை இல்லாமல், பகலில் என்றால் போகலாம். வெள்ளை நம்பர் பிளேட் என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரலாம், அதைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். அப்புறம் ஹெல்மெட். அவர் தரும் ஹெல்மெட்டின் பட்டை அறுந்திருந்தால் ஏறாதீர்கள். ஓடிபி, நம்பர் பிளேட் இங்கேயும் அதேதான்.

கேள்வி (அம்பத்தூர்): எந்த ஆப் குறைவு?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (பெருங்குடி ஐ.டி. ஊழியர்): எல்லாம் சரி. டிரைவர்கள் போன் செய்து "எங்கே போகணும், கேஷா ஜிபேயா?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்கிறார்களே. இது பேராசை இல்லையா?

தம்பி, இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். போன மாதம் ஒரு சாயங்காலம் ஓ.எம்.ஆரில் பெருங்குடிப் பக்கம் நிற்கிறேன். பீப் அடிக்கிறது. சில நொடிதான் நேரம். தூரம், வாடகை, ஏறும் இடம் மூன்றையும் பார்த்து விரலை வைக்க வேண்டும். சவாரி 2 கிலோமீட்டர், 45 ரூபாய். அமுக்கிவிட்டேன். பிறகு பார்த்தால் ஆள் நிற்பது சாலைக்கு எதிர்ப் பக்கம். யூ டர்ன் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நெரிசலில் சுற்றிப் போய் ஏற்ற 25 நிமிடம் ஆனது. இறக்கிய இடத்தில் இருந்து திரும்பி வர வேறு சவாரி இல்லை. ஒரு மணி நேரத்துக்கு 45 ரூபாய், அதில் கேஸ் செலவு என்னுடையது.

அரசு மீட்டர் கட்டணம் 2013 ஆகஸ்டில் வைத்தது. முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 12. பத்து கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 123 ரூபாய். சங்கங்கள் 2025 பிப்ரவரியில் தாங்களாகவே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவித்தன. அப்போது அதே பத்து கிலோமீட்டர் 198 ரூபாய் ஆகிறது. தாங்களாக உயர்த்தக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. இந்த 75 ரூபாய் இடைவெளியில்தான் தினமும் நீங்களும் நாங்களும் முட்டிக்கொள்கிறோம்.

மீண்டும் அவரே: கஷ்டம் புரிகிறது. ஆனால் சவாரியை ஏற்ற பிறகு கேன்சல் செய்தால் என் மீட்டிங் போகிறதே? உங்கள் கணக்குக்கு நான் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ஏற்றுக்கொண்டால் போக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கேன்சல் செய்வதை விட மோசமானது ஒன்று இருக்கிறது. சிலர் வண்டியை நகர்த்தாமல் டீக்கடையில் நின்றுகொண்டு, நீங்களே கேன்சல் செய்யட்டும் என்று காத்திருப்பார்கள். அது தவறு. அப்படி நடந்தால் வரைபடத்தில் வண்டி நகராததை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேன்சல் காரணத்தில் "டிரைவர் வரவில்லை" என்பதையே தேர்ந்தெடுங்கள். ஆனால் "எங்கே போகணும்" என்று கேட்பவர் எல்லாரும் பேராசைக்காரர் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் எதிர்த் திசையில் 15 கிலோமீட்டர் என்றால் யாரும் யோசிப்பார்கள்.

இடையில் ஒருவர் (கீழ்க்கட்டளை): மேலே 30 ரூபாய் போட்டால்தான் வருகிறார்கள். இது லஞ்சம் மாதிரி இல்லையா?

வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்கும் பட்டனை எனக்கும் பிடிக்கவில்லை. டிப்ஸ் என்பது இறங்கிய பிறகு மனமுவந்து தருவது. இதற்காக 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபருக்கு நோட்டீஸே அனுப்பியது. "5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லையேல் 50 ரூபாய்" என்று விளம்பரம் செய்த ராபிடோவுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் 10 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. வாடகையைச் சரியாக வைத்துவிட்டால் அந்தப் பட்டனுக்கே வேலை இல்லை. ஒன்றிய அரசின் 2025 ஜூலை வழிகாட்டுதலில் குறைந்தபட்ச வாடகையை 3 கி.மீ.க்கு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்ற வரும் வெறும் ஓட்டத்தை ஈடுகட்டத்தான். மாநிலம் அதை ஏற்று நடத்த வேண்டும். என் பெருங்குடி சவாரிக்கு அந்தக் கணக்கு இருந்திருந்தால் நான் முகம் சுளிக்காமல் போயிருப்பேன்.

பெருங்குடிக்காரர்: அப்போது பயணிகளும் டிரைவர்களும் சேர்ந்து கட்டணம் கேட்க வேண்டும் என்கிறீர்களா?

ஆமாம். பழைய 25 ரூபாயைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வாதாடுவதும், வாய்க்கு வந்ததை நாங்கள் கேட்பதும் இரண்டுமே நிற்க வேண்டும் என்றால் அரசு புதுக் கட்டணம் வைப்பதுதான் வழி.

கேள்வி (தி.நகர்): மழை நாளில் இரட்டிப்பாகக் காட்டுகிறதே, சட்டப்படி சரியா?

மேலே சொன்ன ஒன்றிய அரசின் 2025 ஜூலை வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கு வரை அனுமதிக்கிறது. 2020-இல் அது ஒன்றரை மடங்காக இருந்தது. மழை விட்ட பிறகு 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், இறங்கியிருக்கும்.

கேள்வி (வெளியூர் வாசகர்): கிளாம்பாக்கத்தில் அதிகாலை 4 மணிக்கு இறங்கினால் எந்த ஆப்?

அங்கே வாசலில் நின்று பேரம் பேசாதீர்கள். 2023 டிசம்பரில் அந்தப் பேருந்து நிலையம் திறந்ததில் இருந்து நான் பார்க்கிறேன். தூக்கக் கலக்கத்தில், கையில் மூட்டையோடு இறங்குபவரிடம் கேட்கும் தொகை அநியாயம். தாம்பரம் 10 கிலோமீட்டர்தான். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்துவிட்டு, அங்கிருந்து மின்சார ரயிலோ ஆப் ஆட்டோவோ பிடியுங்கள். குடும்பத்தோடு என்றால் ஆப்பில் கார் போடுங்கள், நால்வருக்குப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் ஆப்பில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் டிக்கெட்டோடு நம்ம யாத்ரி வண்டியும் போடலாம்.

கேள்வி (விமானப் பயணி): ஏர்போர்ட்டில் இருந்து?

ஆப் கார் ஏற எதிரே உள்ள பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும். பெட்டி சின்னது, நேரம் பகல் என்றால் மெட்ரோ. சென்ட்ரல் வரை நேராகப் போகிறது.

கேள்வி (ஆவடி): ஐபோனில் விலை அதிகமா?

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா, ஊபர் இரண்டிடமும் விளக்கம் கேட்டது, இருவரும் மறுத்தார்கள். வீட்டில் இரண்டு போனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பல்லாவரம்): கார்டில் இரண்டு முறை பணம் போய்விட்டது.

முதலில் ஆப்பில் புகார், பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி (வளசரவாக்கம்): எது சீப்?

மூன்றாவது முறை. முதல் பதில்.

கேள்வி (ஆதம்பாக்கம்): அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை 6 மணிக்கு வண்டி வேண்டும். எந்த ஆப்பை நம்பலாம்?

இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம் அம்மா. உங்கள் தெரு முனை ஸ்டாண்டுக்குப் போய், வயதில் மூத்த டிரைவர் ஒருவரிடம் நேரில் பேசுங்கள். போக வர சேர்த்து மாதத்துக்கு ஒரு தொகை வையுங்கள். நானே ஓர் அம்மாவை இப்படி இரண்டு வருடமாகக் கூட்டிப் போகிறேன். சிகிச்சை முடிந்து வரும்போது அவரால் படி ஏற முடியாது. அதனால் பின் சீட்டில் ஒரு தலையணை எப்போதும் இருக்கும், ஸ்பீடு பிரேக்கரில் வண்டி நின்று நின்று ஏறும். அவர் வராத நாளில் நான் போன் செய்து கேட்பேன். முதல் வாரம் இரண்டு டிரைவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்தவர் வருவார்.