பீற்றூட்டுக்கு விளக்கு வாங்கலாமா?

கேள்வி: கொக்குவிலில் எங்கள் வளவின் தெற்கு மதிலோடு ஒட்டியிருக்கும் பாத்தியில் கடந்த மாரியில் பீற்றூட் போட்டிருந்தேன். இலை நன்றாகச் செழித்தது. கிழங்கோ பெருவிரல் அளவுக்கு மேல் பருக்கவில்லை. வெளிச்சம் போதாது என்று சொல்லி, ஊதா ஒளி தரும் 100 வாற்று எல்.ஈ.டி. விளக்கொன்றையும் 75 வீத நிழல் வலையையும் வாங்கும்படி கடையொன்றில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 75 வீத வலை என்பது வெயிலில் முக்கால் பங்கை மறைப்பது. வெளிச்சம் குறைந்த பாத்திக்கு அதை விற்பது எவ்வகையிலும் நியாயமில்லை.

வெளிச்சம் போதவில்லை என்ற கணிப்பு மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்கக்கூடும். பீற்றூட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் வேண்டும். கிழங்கில் சேரும் சீனி முழுவதும் இலையில் உண்டாவதே; நிழலில் நிற்கும் செடி, தான் உண்டாக்கும் கொஞ்சத்தையும் காம்பை நீட்டி இலையை அகலிப்பதற்கே செலவிட்டுவிடுவதால், கீழே இறக்குவதற்கு மிச்சம் இருப்பதில்லை. நாலு மணி நேர வெயில் கிடைத்தால் வறைக்கு நல்ல கீரை கிடைக்கும். கிழங்கை எதிர்பார்க்க முடியாது.

உங்கள் பாத்தியின் குறை அது இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஓகஸ்ட் கடைசியிலிருந்து சித்திரைப் புத்தாண்டு வரை மதியச் சூரியன் உச்சிக்குத் தெற்கேதான் நிற்கும். டிசம்பர் 21ஆம் திகதியளவில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 33 பாகை. அன்றைய மதியத்தில் ஆறடி மதிலின் நிழல் வடக்கே கிட்டத்தட்ட நாலடி விழும். காலையிலும் பின்னேரத்திலும் அதைவிட நீளும். ஆகவே தெற்கு மதிலை ஒட்டிய நாலடி அகலமான பாத்தி, பீற்றூட் வளரும் அந்த நாட்களில் பகல் முழுவதும் நிழலிலேயே கிடக்கும். ஆனி, ஆடியில் அதே இடத்தில் வெயில் கொளுத்தும் என்பதால்தான் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். பாத்தியை வளவின் வடக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள். தெற்கே மதிலோ மாமரமோ மறைக்காத இடமாக இருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன், வெயில் எறிக்கும் ஒரு நாளில், நினைத்த இடத்தில் தடியொன்றை நட்டு, காலை ஏழு மணியிலிருந்து மணிக்கொரு தடவை அங்கே வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொண்டால், எந்தக் கருவியும் வாங்காமலே விடை தெரிந்துவிடும்.

இனி அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயில் நேரத் திறந்த வெளியில் ஒளியின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். கூரைக்கு வெளியே தொங்கும் ஒரு விளக்கு அதற்குப் பக்கத்தில்கூட வராது. 100 வாற்று விளக்கை நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் 1.2 அலகு, விதைத்ததிலிருந்து பிடுங்கும் வரை 70 நாட்கள் என்று வைத்தால் 84 அலகு. பாவனை ஏற ஏற அலகின் விலையும் ஏறும் நம் நாட்டில், ஒரு சிறு பாத்தியிலிருந்து எடுக்கும் சில கிலோ கிழங்குக்கு அது கட்டுப்படியாகாது. வெயிலே எட்டாத அறைக்குள் நாற்று வளர்ப்பவர்களுக்கு இந்த விளக்குகள் பயன்படும் என்பதை மறுக்கவில்லை. அவர்களும் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள வாற்று அளவை நம்பாமல், விளக்கு உண்மையில் எடுக்கும் மின் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும்.

வெயில் சரியாக இருந்தும் கிழங்கு பருக்காவிட்டால் நெருக்கத்தைச் சந்தேகியுங்கள். பைக்கற்றில் இருக்கும் ஒவ்வொரு விதையும், காய்ந்த மிளகைப்போல் முரடாக, உண்மையில் பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்றைப் போட்டால் இரண்டு, மூன்று முளைகள் வரும். பலமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட்டு, செடிக்குச் செடி நாலு அங்குல இடைவெளி விடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டாலும் இலைதான் வளரும்.

வலையின் தேவை, முளைத்த முதல் ஓரிரு வாரங்களுக்கு மட்டுமே. அதற்குப் பழைய கிடுகு இரண்டு போதும். மாசி, பங்குனி வெக்கையில் வளரும் பயிருக்குப் பிற்பகலில் மெல்லிய நிழல் நல்லது. அந்தச் சூட்டில் விளையும் கிழங்கை வெட்டினால் சிவப்புக்கு நடுவே வெள்ளை வளையங்கள் தெரியும். அப்போதும் 50 வீதத்துக்கு மேற்பட்ட வலையை வாங்காதீர்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் சாடிகளில் வளர்க்க விரும்புகிறேன். வெயில் நாள் முழுவதும் உண்டு. கறுப்புப் பைகள் மலிவாகக் கிடைக்கின்றன. நல்லவையா?

பதில்: வெளிச்சத்துக்குக் குறைவில்லை, மண் சூடாவதுதான் பிரச்சினை. கறுப்புப் பை வெயிலை உறிஞ்சி வேரைக் காய்ச்சும். எட்டு அங்குலத்துக்குக் குறையாத ஆழமுள்ள மண்சாடியோ வெளிர் நிறச் சாடியோ வாங்குங்கள்.

கேள்வி: “சூரிய ஒளிக்கு நிகர்” என்று பெட்டியில் போட்டிருந்த விளக்கை வாங்கிவிட்டேன். பயனில்லை. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளின் தரம் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதைத் தடைசெய்கிறது. முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் அதிகாரசபைக்குக் கொடுக்க வேண்டும்; ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டையும் அந்த வாசகம் அச்சிட்ட பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை.