வாசகர் கேள்வி: வருகிறார்கள், நிற்கிறார்கள் இல்லை

கேள்வி: நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்ஃபெஸ்ட்டில் சின்னதாக ஒரு மின்வேலைக் கம்பனி நடத்துகிறேன். ஒஸ்லோவில் இருந்தும் போலந்தில் இருந்தும் நல்ல எலக்ட்ரீஷியன்கள் வருகிறார்கள். ஒன்றரை வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். சம்பளத்தை இரண்டு தரம் கூட்டியாயிற்று. இனி என்ன செய்யலாம், அக்கா?

பதில்: மூன்றாம் தரம் கூட்டாதீர்கள், தம்பி. கொஞ்சம் பொறுங்கள்.

நானும் 80களின் கடைசியில் உங்கள் ஃபின்மார்க் மாவட்டத்தில் மீன் வெட்டியவள். அந்தக் கரையோரத் தொழிற்சாலைகளில் எத்தனை தமிழர் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு பெரும்பாலானோர் தெற்கே இறங்கிவிட்டோம். எங்கள் வீட்டில் சம்பளம் ஒரு குறையாகவே இருக்கவில்லை. இவர் ஊரில் டெக்னீஷியனாக இருந்தவர், அங்கே அவருக்கும் மீன் கத்திதான். மகனுக்குத் தமிழ் படிக்க இடமில்லை. போகிற அன்றுதான் மேலாளர் வந்து ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். சாமான் எல்லாம் வான் வண்டியில் ஏற்றியாயிற்று!

அரசாங்கம் தன் பங்குக்குச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஃபின்மார்க்கும் பக்கத்து வட துரூம்ஸும் 1990இலிருந்து தனிச் சலுகை வலயம். பொது வருமான வரி 22 விழுக்காட்டுக்குப் பதில் 18.5. கல்விக்கடனில் ஓர் உச்சவரம்பு வரை வருடத்துக்கு 10 விழுக்காடு கழிப்பார்கள். 2023இலிருந்து பார்னஹாகேயும் (பாலர் பாடசாலை) இலவசம். ஆனால் இதெல்லாம் பக்கத்துக் கம்பனி ஆளுக்கும் கிடைக்கிறது. போலந்தில் படித்தவருக்கு நோர்வேயில் கல்விக்கடனே இராது, எதைக் கழிப்பது?

உங்கள் கையில் இருக்கிற காசு வேறு. ஒஸ்லோ முதலாளி 100 குரோனர் சம்பளம் கொடுத்தால் அதற்கு மேல் 14.10 குரோனர் முதலாளி வரி கட்டுகிறார். உங்களுக்கு அது பூச்சியம். அந்த மிச்சத்தைச் சம்பளத்தில் கரைக்காமல் வீட்டிலும் மனைவியிலும் போடுங்கள். சிரிக்காதீர்கள், வேலையாளின் மனைவியைச் சொல்கிறேன். ஆள் பகல் முழுக்க வேலையில் நான்கு பேரோடு கதைக்கிறார். அவள் மொழி தெரியாமல் யன்னலோடு இருக்கிறாள். போலந்து போன்ற ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் இருந்து வருகிறவர்களுக்கு இலவச நோர்வேஜிய வகுப்புக்கு உரிமை கிடையாது. அந்த வகுப்புக் காசை நீங்கள் கட்டுங்கள். அவள் என்ன படித்தவள் என்று இன்டர்வியூவிலேயே கேட்டு, நகரசபையிலோ வேறு கம்பனியிலோ தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சின்ன ஊரில் அதற்கு ஒரு ஃபோன் போதும். குடும்பம் வருகிறதென்றால் கதவு பூட்டுகிற முழு வீடு பார்த்துக் கொடுங்கள். பொதுக் குசினியுள்ள அறையில் விட்டால் அது தங்குமடம், ஆள் ஒரு கண்ணை விமான நிலையத்திலேயே வைத்திருப்பார்.

அப்புறம், ஜூலையில் ஆள் எடுக்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். நடுச்சாமத்து வெயிலில் கடலைப் பார்த்தால் யாரும் கையெழுத்துப் போடுவார்கள். உங்கள் ஊரில் நவம்பர் 21 அளவில் போகிற சூரியன் ஜனவரி 21 அளவில்தான் எட்டிப் பார்க்கிறது. அந்த இருட்டில் ஒரு கிழமை கூட்டி வந்து வேலை காட்டுங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். அந்தப் பாதிப் பேர் எப்படியும் நிற்கிற ஆட்கள் இல்லை. வந்தவர்களுக்கு முதல் பனிக்காலத்தில் ஓவர்டைமைக் குறைத்து, ஜனவரி தொடக்கத்தில் குடும்பத்தோடு வெயிலுள்ள பக்கம் போய்வர டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். சம்பள உயர்வைவிட இது மலிவு.

ஒன்றரை வருடத்தைத் தாண்டி உங்களிடம் நிற்கிற ஒருவராவது இருப்பாரே? இந்தக் கிழமையே அவர் வீட்டுக்குப் போய் ஒரு கோப்பி குடியுங்கள். என்ன இருப்பதால் நிற்கிறார், என்ன இல்லாமல் போனால் போவார் என்று கேளுங்கள். வான் வாசலுக்கு வருவதற்கு முன்பே கேளுங்கள். மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும், உண்மையான பதில் அவளிடமிருந்துதான் வரும்.